களிக்குத் தொட்டுக்கொள்ள என்ன இருக்கிறது?

தருமபுரிப் பக்கம் ஒருவருக்குச் சர்க்கரை என்று தெரிந்ததும் வருகிற முதல் யோசனை, "சோத்தைக் குறைச்சுட்டு ராகிக்கு மாறுங்க" என்பதுதான். டீக்கடையில் சொல்வார்கள், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் சொல்வார், ஓசூரிலிருந்து சொந்தக்காரர்கள் போன் போட்டுச் சொல்வார்கள். ராகி விளைகிற மண் இது. 2023-இல் ரேஷன் கடையில் கார்டுக்கு இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் ராகி கொடுக்கும் திட்டத்தை நீலகிரியிலும் தருமபுரியிலும்தான் தொடங்கினார்கள். அதனால் அந்த யோசனையில் ஊர்ப்பாசமும் சேர்ந்திருக்கிறது. எனக்கும் அந்தப் பாசம் நிறையவே உண்டு.

எங்கள் அப்பாவுக்கு மட்டும் அந்த யோசனையால் பிரயோஜனம் இல்லை. அவர் விவரம் தெரிந்த நாளிலிருந்து களி சாப்பிடுகிறவர். மாரண்டஅள்ளிக்குப் பக்கத்தில் கொஞ்சம் மேட்டு நிலம், அதில் ராகியும் நிலக்கடலையும். வீட்டில் ராகிக்குக் குறைவே இருந்ததில்லை. அறுபதைத் தாண்டியதும் சர்க்கரை வந்தது. "தினம் களி தின்னவனுக்கே சர்க்கரை வருதுன்னா, அப்புறம் ராகியில என்னம்மா இருக்கு?" என்று என்னைக் கேட்டார். நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் நடத்துகிறேன். ஹார்மோன் பாடம் வருடா வருடம் எடுக்கிறேன். அந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று உட்கார்ந்தேன். படித்தது, வீட்டில் குளுக்கோமீட்டர் வைத்துப் பார்த்தது, அடுப்படியில் மாற்றியது எல்லாம் சேர்ந்ததுதான் இது.

முதலில் ராகியில் இருப்பது என்ன என்று பார்த்துவிடலாம். 100 கிராம் ராகி மாவில் கால்சியம் 350 மில்லிகிராமுக்கு மேல், நார்ச்சத்து 11 கிராம் அளவுக்கு இருக்கிறது. இந்த இரண்டிலும் அரிசி ராகியின் கிட்டே வர முடியாது. ஆனால் அதே 100 கிராமில் மாவுச்சத்து ஏறக்குறைய 67 கிராம். புரதம் 7 கிராம்தான், அரிசியிலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். கொழுப்பு 2 கிராம்கூட வராது. நொய் போட்டுக் கிண்டுகிற வீடுகளில் மாவுச்சத்து இன்னும் கொஞ்சம் கூடும். ஆக, களி உருண்டை நல்ல தானியத்தில் செய்ததுதான், ஆனாலும் அதில் பெரும்பங்கு மாவுச்சத்துதான். அதை உடம்பு எப்படி எடுத்துக்கொள்ளும் என்பது, அதோடு வேறு என்ன உள்ளே போகிறது என்பதைப் பொறுத்தது. இதை முடிவு செய்கிற இடம் குடல்.

சிறுகுடலின் உள்சுவரில் ஆங்காங்கே தனி வகைச் செல்கள் பதிந்திருக்கின்றன. சுவரில் இருக்கும் செல்களில் அவை நூற்றுக்கு ஒன்று அளவுதான். ஆனால் உள்ளே வந்தது சர்க்கரையா, கொழுப்பா, புரதமா என்று அறிந்து, அதற்கேற்ற ஹார்மோனை இரத்தத்தில் விடுவது அவைதான். 1902-இல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இரண்டு உடலியல் அறிஞர்கள் ஒரு நாயின் சிறுகுடல் பகுதிக்குப் போகும் நரம்புகளையெல்லாம் அறுத்துவிட்டு, அதற்குள் அமிலத்தைச் செலுத்தினார்கள். நரம்புத் தொடர்பே இல்லாதபோதும் கணையம் நீரைச் சுரந்தது. குடலிலிருந்து ஏதோ ஒன்று இரத்தத்தின் வழியே போய்ச் சேதி சொல்லியிருக்கிறது என்று புரிந்தது. அதற்கு செக்ரெட்டின் என்று பெயர் வைத்தார்கள். ஹார்மோன் என்ற சொல்லையே ஸ்டார்லிங் 1905-இல்தான் பயன்படுத்தத் தொடங்கினார். ஹார்மோன் என்ற கருத்து பிறந்ததே குடலில்தான் என்று வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்.

அப்பாவின் கேள்விக்கு நெருக்கமான சோதனை 1964-இல் வந்தது. ஒரே அளவு குளுக்கோஸை இரத்தக் குழாயில் ஏற்றினால் சுரக்கும் இன்சுலினைவிட, வாய் வழியே குடிக்கக் கொடுத்தால் சுரக்கும் இன்சுலின் மிக அதிகம் என்று அப்போது கண்டார்கள். சர்க்கரை குடலைத் தொட்டால்தான் இந்த வித்தியாசம். ஆரோக்கியமான ஒருவருக்கு, குளுக்கோஸ் குடித்தபின் சுரக்கும் இன்சுலினில் பாதிக்கு மேல் குடல் ஹார்மோன்களின் தூண்டுதலால் வருவது. இன்க்ரெடின் என்ற பொதுப்பெயரில் இவற்றைச் சொல்கிறார்கள். இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில் இந்தத் தூண்டுதல் வெகுவாக மங்கிவிடுகிறது.

எந்தச் சத்துக்கு எந்த ஹார்மோன் என்பதில்தான் சமையலறைக்கு வேலை இருக்கிறது. மாவுச்சத்து மட்டும் வந்தால், சிறுகுடலின் மேல்பகுதியிலேயே விறுவிறுவென்று குளுக்கோஸாகி உறிஞ்சப்பட்டுவிடும். அங்கே இருக்கும் செல்கள், கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லும் ஜிஐபி என்ற ஹார்மோனை விடும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இந்த ஜிஐபி சொல்வதைக் கணையம் சரியாகக் கேட்பதில்லை. கொழுப்பும் புரதமும் வந்தால் அதே மேல்பகுதியில் சிசிகே சுரக்கும். அது பித்தப்பையைச் சுருக்கிப் பித்தநீரை வெளியே தள்ளும், கணையத்தின் செரிமான நீரை வரவழைக்கும், மூளைக்குப் போகும் நரம்பின் வழியே "போதும்" என்று சொல்லும். முக்கியமாக, இரைப்பையிலிருந்து குடலுக்குப் போகும் வாயைக் கொஞ்சம் இறுக்கிவிடும். ஏரி மதகை முழுக்கத் திறக்காமல் ஒரு கை அளவு திறந்து வைத்தால் தண்ணீர் எப்படி நிதானமாகப் போகுமோ, அப்படி உணவு குடலுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும்.

அதற்கும் கீழே, சிறுகுடலின் பின்பகுதியிலும் பெருங்குடலிலும் இன்னொரு வகைச் செல்கள் அதிகமாக இருக்கின்றன. ஜிஎல்பி-1, பிஒய்ஒய் என்ற இரண்டும் அவற்றிலிருந்து வருகின்றன. சர்க்கரை, கொழுப்பு, புரதம் மூன்றுமே இவற்றைத் தூண்டும். செரிக்காத நார்ச்சத்தைப் பெருங்குடலில் நுண்ணுயிரிகள் நொதிக்க வைக்கும்போது உண்டாகும் சிறு கொழுப்பு அமிலங்களும் தூண்டும். ஜிஎல்பி-1 இன்சுலினைக் கூட்டுகிறது, அதுவும் இரத்தத்தில் சர்க்கரை ஏறியிருக்கும்போது மட்டும். ஈரலைச் சர்க்கரை விடச் சொல்லும் குளுககானை அடக்குகிறது, இரைப்பையை மெதுவாக்குகிறது. பிஒய்ஒய் பசியைத் தணிக்கிறது. ஆக, சாப்பாடு நிதானமாக, கலவையாக, குடலின் நீளம் முழுக்கப் போய்ச் சேர்ந்தால் உடம்புக்குக் கிடைக்கும் உதவியே வேறு.

இதைப் படித்தபின் எனக்கு எங்கள் ஆயாவின் தட்டுதான் நினைவுக்கு வந்தது. ஆவி பறக்கும் களி உருண்டையின் நடுவில் விரலால் குழி பண்ணி, அதில் கொள்ளுக் கடைசலை ஊற்றுவார். மார்கழி, தையில் பச்சை அவரைக்கொட்டைக் குழம்பு. மழை பெய்துவிட்டால் வரப்பில் கிடைக்கும் கீரையெல்லாம் சேர்த்துக் கடைந்தது. எப்போதாவது நாட்டுக்கோழி, கருவாடு. கடைசியில் ஒரு சொம்பு மோர். புரதம், நார், கொஞ்சம் கொழுப்பு எல்லாம் அந்தத் தட்டில் தானாகவே இருந்தன. களி வயிற்றை நிரப்பியது, மற்றது குடலோடு பேசியது.

அப்பாவுக்குச் சர்க்கரை வந்த சமயத்தில் தட்டில் களி அப்படியேதான் இருந்தது, உருண்டையின் அளவும் மாறவில்லை. போனது, தொட்டுக்கொள்வதுதான். வீட்டில் இரண்டே பேர். அம்மாவுக்கு முழங்கால் வலி. கொள்ளை ஊறவைத்து, வேகவைத்து, கடைந்து எடுப்பதற்கு யாருக்குத் தெம்பு இருக்கிறது? பாலக்கோடு பக்கம் தக்காளிக்குப் பஞ்சமில்லை, ஆகவே தக்காளிக் குழம்பு, இல்லாவிட்டால் புளிக்குழம்பு. இரண்டிலும் புரதம் என்று சொல்ல எதுவும் இல்லை. காட்டு வேலையும் குறைந்துவிட்டது, ஏர் ஓட்டின இடத்தில் டிராக்டர் ஓடுகிறது. அது ஒரு பெரிய காரணம், மறுக்கவில்லை. ஆனால் அந்த வயதில் அவரை மறுபடி ஏர் பிடிக்கச் சொல்ல முடியாது. தட்டை மாற்ற முடியும்.

களியும் தக்காளிக் குழம்பும் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் அப்பாவுக்கு 240 பக்கம் காட்டும். அம்மாவிடம் பேசி முதலில் கொள்ளைத் திரும்பக் கொண்டுவந்தோம். ராத்திரி ஊறவைத்துக் காலையில் குக்கரில் நிறைய விசில் விட்டால் மசியப் பதம் வரும். பூண்டு, சீரகம், காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம் வதக்கிப் போட்டு மத்தால் கடைந்தால் போதும். மொத்தமாக வேகவைத்து ஃபிரிட்ஜில் வைத்து, வேண்டிய அளவு எடுத்துத் தாளித்துக்கொள்ளலாம் என்றதும் அம்மாவுக்குப் பாதிப் பாரம் குறைந்தது. 100 கிராம் காய்ந்த கொள்ளில் புரதம் 20 கிராமுக்கு மேல். வேகவைத்த தண்ணீரைக் கொட்டாமல் ரசம் வைத்தோம். கொள்ளு இல்லாத நாளில் தட்டைப்பயறு, வேகவைத்த நிலக்கடலை, அவித்த முட்டை. மோர் அன்றாடம். உருண்டையைக் கொஞ்சம் சின்னதாக்கினோம், அதையும் அப்பா சம்மதித்த பிறகுதான்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சர்க்கரை ரொம்ப வருடமாக இருப்பவர்களுக்குச் சிறுநீரகம் பழுதுபட்டிருக்கலாம். அப்படி இருந்தால் புரதத்தை இஷ்டத்துக்குக் கூட்டக் கூடாது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினினும் சிறுநீரில் புரதமும் அப்பாவுக்குப் பார்த்து, டாக்டர் சரி என்ற பிறகுதான் கொள்ளின் அளவைக் கூட்டினோம்.

அடுத்து வரிசை. 2015-இல் நியூயார்க்கில் ஒரு சிறிய ஆய்வு செய்தார்கள். இரண்டாம் வகைச் சர்க்கரை உள்ள 11 பேருக்கு ஒரே சாப்பாடு, ரொட்டியும் ஆரஞ்சுச் சாறும் ஒரு பக்கம், கோழிக்கறியும் காய்கறியும் இன்னொரு பக்கம். ஒரு நாள் ரொட்டி முதலில், இன்னொரு நாள் கறியும் காயும் முதலில், பதினைந்து நிமிடம் கழித்து மற்றது. கறியும் காயும் முதலில் போன நாளில், ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்த சர்க்கரை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைவாக இருந்தது. சாப்பாடு ஒன்றுதான், மாறியது வரிசை மட்டும். புரதமும் நாரும் முன்னால் போய் சிசிகேயையும் ஜிஎல்பி-1-ஐயும் எழுப்பிவிட்டால், பின்னால் வரும் மாவுச்சத்து நிதானமாக இறங்குகிறது. பதினொரு பேர் சின்ன எண்ணிக்கைதான். ஆனால் இதே போக்கை வேறு ஆய்வுகளிலும் பார்த்திருக்கிறார்கள், செய்து பார்ப்பதில் செலவும் இல்லை, ஆபத்தும் இல்லை.

அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "குழம்பைத் தனியாக் குடிச்சுட்டு அப்புறம் களியத் தின்னா அது சாப்பாடா?" என்றார். நியாயமான கேள்வி, களிக்கு அதுதான் ருசி. அம்மாதான் வழி கண்டுபிடித்தார். களி கிண்டி இறக்கி, தண்ணீர் தொட்டு உருட்டி எடுக்க எப்படியும் பத்து நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் அப்பா பசியோடு திண்ணையில் உட்கார்ந்திருப்பார். ஒரு கிண்ணத்தில் கெட்டியான கடைசலோ, சுண்டலோ, கீரையோ கொடுத்துவிடுவது. அவர் தின்று முடிக்கும்போது சுடச்சுட களி வரும், அதற்குத் தொட்டுக்கொள்ள இன்னொரு கரண்டி குழம்பும் வரும். அப்பாவுக்கு எதையும் விட்ட மாதிரி இல்லை. இப்படிச் சாப்பிடும் நாட்களில் இரண்டு மணி நேர அளவு பெரும்பாலும் 180, 190 பக்கம் நிற்கிறது. இது ஒருவர் உடம்பில் பார்த்தது, எல்லோருக்கும் இதே எண் வரும் என்று நான் சொல்லவில்லை. மீட்டர் இருக்கும் வீட்டில் அவரவர் பார்த்துக்கொள்வது நல்லது. ஒரே சாப்பாடு, ஒரே நேரம், வரிசையை மட்டும் மாற்றிப் பார்த்தால் விளங்கிவிடும்.

ராகியை எந்த உருவத்தில் சாப்பிடுகிறோம் என்பதிலும் விஷயம் இருக்கிறது. கூழாகக் கரைத்துக் குடித்தால் இரைப்பையை விட்டுச் சீக்கிரம் இறங்கிவிடும், மெல்ல வேண்டிய வேலையே கிடையாது. வெயில் காலத்தில் கூழ் குடிக்கும் நாளில் அப்பா முன்னாடியே ஒரு பிடி வேகவைத்த கடலை சாப்பிட்டுவிடுகிறார், கூழில் மோரைத் தாராளமாக ஊற்றிக்கொள்கிறார். ராகி மால்ட் என்று சர்க்கரை கலந்து விற்கும் பொடிகளை நாங்கள் வாங்குவதில்லை. ராகி பிஸ்கட்டும் அப்படித்தான், பொட்டலத்தின் பின்பக்கம் படித்தால் முதலில் மைதாவும் சர்க்கரையும் இருக்கும் பல உண்டு. முருங்கைக்கீரையும் வெங்காயமும் நிறையப் போட்டுத் தட்டும் ராகி அடை எனக்குப் பிடித்த வழி. எண்ணெய் கொஞ்சம், கீரை நிறைய, மென்றுதான் தின்ன வேண்டும்.

மெல்லுவது சாதாரண விஷயமில்லை. களியை மெல்லக் கூடாது, குழம்பில் தோய்த்து அப்படியே விழுங்க வேண்டும் என்றுதான் எங்கள் பக்கம் பழக்கம். பெரிய உருண்டை ஐந்து நிமிடத்தில் காலியாகிவிடும். 2010-இல் வந்த ஒரு ஆய்வில் 300 மில்லி ஐஸ்கிரீமை ஒரு நாள் ஐந்து நிமிடத்திலும், இன்னொரு நாள் அரை மணி நேரம் எடுத்தும் சாப்பிட வைத்தார்கள். மெதுவாகச் சாப்பிட்ட நாளில் ஜிஎல்பி-1, பிஒய்ஒய் இரண்டும் அதிகமாகச் சுரந்தன. போதும் என்ற சேதி மூளைக்குப் போய்ச் சேர நேரம் வேண்டும். அப்பாவைக் களியை மெல்லச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முன்னால் தரும் சுண்டலை மென்று தின்பதில் அந்த நேரம் கிடைத்துவிடுகிறது.

மாம்பழக் காலம் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் சோதனைக் காலம். கிருஷ்ணகிரிச் சந்தையில் பெங்களூரா மலையாகக் குவிந்திருக்கும், மாம்பழக் கூழ் ஆலைகளுக்கு லாரி லாரியாகப் போகும், தோட்டம் வைத்திருக்கும் சொந்தக்காரர்கள் கூடையோடு வந்து இறங்குவார்கள். மாம்பழத்தில் சுக்ரோஸும் ஃபிரக்டோஸும் அதிகம். ஃபிரக்டோஸ் ஜிஎல்பி-1-ஐத் தூண்டுவது குளுக்கோஸைவிடக் குறைவு, பசியைத் தூண்டும் கிரெலினை அடக்குவதும் குறைவு. அதனால்தான் ஜூஸ் எவ்வளவு குடித்தாலும் சாப்பிட்ட திருப்தி வருவதில்லை. எங்கள் வீட்டில் ஜூஸ் நிறுத்தம். பழம் உண்டு. சாப்பாட்டோடு வேண்டாம், சாயங்காலம் நான்கைந்து துண்டு, கூடவே ஒரு கைப்பிடி கடலை. மாங்காய் நாட்டில் பிறந்தவரிடம் மாம்பழமே கூடாது என்று சொல்ல வேண்டியதில்லை.

அம்மாவின் கதை வேறு. அவருக்குச் சர்க்கரை இல்லை. கல்யாண வீட்டில் பிரியாணியோ பூரியோ சாப்பிட்ட அன்று ராத்திரி வலது விலாவுக்குக் கீழே பிடித்துக்கொள்ளும், முதுகு வரை இழுக்கும். வாயு என்று இஞ்சிச் சாறு குடித்துக்கொண்டிருந்தார். எண்ணெய்ச் சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும்தான் வருகிறது என்று அவர் சொன்னதும் எனக்குச் சிசிகே ஞாபகம் வந்தது. கொழுப்பு குடலுக்கு வந்தால் சிசிகே, சிசிகே வந்தால் பித்தப்பை சுருங்கும். உள்ளே கல் இருந்து வாயை அடைத்தால் வலி உயிர் போகும். ஸ்கேன் எடுத்தோம். முந்தின ராத்திரிக்குப் பிறகு எதுவும் சாப்பிடாமல் வரச் சொன்னதற்குக் காரணமும் அதே ஹார்மோன்தான். சாப்பிட்டுவிட்டுப் போனால் பித்தப்பை சுருங்கிக் காலியாகிவிடும், உள்ளே இருப்பது சரியாகத் தெரியாது. அம்மாவுக்குக் கல் இருந்தது. அறுவை சிகிச்சை வரைக்கும் எண்ணெயைக் குறைத்துச் சமாளித்தோம், பிறகு பித்தப்பையை எடுத்துவிட்டார்கள். இப்போது மிதமான எண்ணெயோடு எல்லாம் சாப்பிடுகிறார்.

இதில் பெண்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். செவ்வாய், வெள்ளி விரதம், வேலை மும்முரத்தில் மத்தியானம் வரை வெறும் டீ, எடை குறைக்க வேண்டும் என்று கொழுப்பையே தொடாமல் இருப்பது, இதெல்லாம் சேர்ந்தால் பித்தப்பை நாள் கணக்கில் சரியாகச் சுருங்காமல் கிடக்கும். தேங்கிய பித்தநீரில் கல் உண்டாக அது ஒரு வாய்ப்பு. எண்ணெயை அளவாக வைத்துக்கொள்ளுங்கள், ஒரேயடியாகத் துறக்க வேண்டாம்.

பசியைப் பற்றியும் கொஞ்சம். கிரெலினை ஜப்பானில் 1999-இல் கண்டுபிடித்தார்கள். இரைப்பையில் சுரக்கும், சாப்பாட்டு நேரம் நெருங்கும்போது ஏறும், சாப்பிட்டதும் இறங்கும். மாவுச்சத்து அதைச் சட்டென்று இறக்கும், ஆனால் சீக்கிரமே திரும்ப ஏறவிடும். புரதம் இறக்கினால் நெடுநேரம் கீழேயே வைக்கும். என் வகுப்பில் காலையில் டீயும் பிஸ்கட்டும் மட்டும் சாப்பிட்டு வரும் பிள்ளைகள் இரண்டாவது பீரியடிலேயே சோர்ந்து மேசையில் சாய்வார்கள். பெற்றோர் கூட்டத்தில் நான் தவறாமல் சொல்வது, இட்லியோடு சாம்பாரைக் கெட்டியாக ஊற்றிக் கொடுங்கள், தோசையென்றால் கடலைச் சட்னி வையுங்கள், முடிந்தால் ஒரு முட்டை. தூக்கம் குறைந்தாலும் கிரெலின் ஏறுகிறது. ராத்திரி செல்போனோடு விழித்திருக்கும் பிள்ளை காலையில் போண்டாக் கடையில் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

நார்ச்சத்தின் பலன் ஒரே நாளில் தெரியாது. பெருங்குடல் நுண்ணுயிரிகள் அதை நொதிக்க வைத்து, அந்த அமிலங்கள் ஜிஎல்பி-1 செல்களைத் தூண்ட வேண்டும். அதற்கு அன்றாடம் நார் போய்க்கொண்டே இருக்க வேண்டும். கொள்ளும் கீரையும் திடீரென்று கூட்டியதில் அப்பாவுக்கு முதலில் வயிறு உப்பிசம் வந்தது. அளவைக் குறைத்து, மெதுவாகக் கூட்டினோம். தண்ணீரும் கூடக் குடிக்க வேண்டும். ராகியைத் தவிட்டோடு அரைக்கச் சொல்லி மில்லில் நின்று வாங்குகிறோம், சலிப்பதில்லை. அம்மா மதியத்துக்கு வைக்கும் பழைய சோற்றிலும் ஆறியதால் கொஞ்சம் மாவுச்சத்து செரிக்காத வகையாக மாறியிருக்கும். அது நல்லதுதான், ஆனாலும் பழைய சோறும் சோறுதான், அளவு பார்த்துத்தான் சாப்பிட வேண்டும்.

இப்போது மாத்திரை. வீடு தேடி வந்து சர்க்கரை, பிரஷர் மாத்திரை கொடுக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. எங்கள் ஊருக்கும் அந்த அக்கா வருகிறார், அப்பாவுக்கு மெட்ஃபார்மின் அப்படித்தான் கிடைக்கிறது. பிறகு டாக்டர் கிளிப்டின் வகை மாத்திரை ஒன்றைச் சேர்த்தார். உடம்பில் சுரக்கும் ஜிஎல்பி-1 இரண்டு நிமிடத்தில் பாதியாகிவிடும், டிபிபி-4 என்ற நொதி அதை வெட்டிவிடுகிறது. அந்த நொதியைத் தடுப்பதுதான் கிளிப்டின். ஆக, சாப்பாட்டால் எழுப்பிய ஜிஎல்பி-1-ஐக் கொஞ்ச நேரம் கூட இருக்க வைக்கிற மாத்திரை அது. "அப்ப கொள்ளும் மாத்திரையும் ஒரே வேலையத்தான் பாக்குதா?" என்று அப்பா கேட்டார். ஏறக்குறைய அப்படித்தான், ஒன்று சுரக்க வைக்கிறது, மற்றது காப்பாற்றுகிறது என்றேன். அன்றிலிருந்து கடைசலை வேண்டாம் என்று அவர் சொன்னதில்லை.

இப்போது எல்லோரும் பேசும் செமாக்ளூடைடு ஊசி, ஜிஎல்பி-1 மாதிரியே வேலை செய்யும்படி செய்த மருந்து. வாரம் ஒரு முறை போட்டால் போதும் அளவுக்கு உடம்பில் நிற்கும். சாப்பாட்டால் வரும் ஜிஎல்பி-1-ஐவிட அதன் பலம் பல மடங்கு. ஆகவே கொள்ளுக்கஞ்சியே இயற்கை ஊசி என்று வரும் வீடியோக்களை நம்பி டாக்டர் எழுதிய மருந்தை நிறுத்தாதீர்கள். கொஞ்சம் எடை குறைக்க ஆசைப்பட்டு டாக்டரைக் கேட்காமல் ஊசியும் போட்டுக்கொள்ளாதீர்கள். வாந்தி, குமட்டல் உண்டு, பித்தப்பைக் கல் பிரச்சனையும் அதில் கூடலாம்.

உணவை மாற்றும்போது கண்டிப்பாகக் கவனிக்க வேண்டியது தாழ்சர்க்கரை. இன்சுலினைச் சுரக்க வைக்கும் கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் களியின் அளவைக் குறைத்தால் மருந்து அப்படியே இருக்க, சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கலாம். கை நடுங்கும், வியர்க்கும், கண் இருட்டும். அப்போது இவ்வளவு நேரம் சொன்னதெல்லாம் தலைகீழ். கடலை உருண்டை, சாக்லெட், பால் எதையும் முதலில் கொடுக்கக் கூடாது. அவற்றில் இருக்கும் கொழுப்பும் புரதமும் இரைப்பையை மெதுவாக்கிவிடும், சர்க்கரை இரத்தத்துக்குப் போய்ச் சேரத் தாமதமாகும். தண்ணீரில் கரைத்த குளுக்கோஸ்தான் வேண்டும், 15 கிராம், ஏறக்குறைய மூன்று டீஸ்பூன். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, ஏறாவிட்டால் இன்னொரு தடவை. ஏறியபின்தான் சாப்பாடு. மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஆம்புலன்ஸுக்கு 108-ஐக் கூப்பிட வேண்டும்.

வோக்லிபோஸ், அகார்போஸ் மாத்திரை எடுப்பவர்களுக்கு வீட்டுச் சர்க்கரையோ வெல்லமோகூட உடனே உதவாது. அவற்றில் இருக்கும் சுக்ரோஸை உடைக்கும் நொதியைத்தான் அந்த மாத்திரை தடுக்கிறது. அவர்கள் வீட்டில் மெடிக்கல் கடையில் கிடைக்கும் குளுக்கோஸ் பொடி கட்டாயம் இருக்க வேண்டும். எங்கள் பக்கத்து வீட்டு மாமா இந்த மாத்திரைதான் சாப்பிடுகிறார், நிலத்துக்குப் போகும்போது சட்டைப் பையில் வெல்லக்கட்டி வைத்திருப்பார். இப்போது அந்தப் பையில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கிறது. அத்தையிடமும் ஒன்று கொடுத்து, எப்போது எப்படிக் கரைத்துக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.